1952 ஐ விட்டுவிட்டு காங்கேசன்துறையின் கதையை எழுத முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த அரசியல் கட்டுரையைப் படித்தேன். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மக்கள் தென்னிலங்கைக் கட்சி ஒன்றைத் தெரிவு செய்தது சரித்திரத்தில் முதல் தடவை என்றும், யாழ்ப்பாண மாவட்டத்துக் காங்கேசன்துறை மாதிரி, தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் அசையாத கோட்டையே இப்போதுதான் ஆட்டம் கண்டிருக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். தெல்லிப்பழையில் பிறந்து வளர்ந்து, 1990 இல் இடம்பெயர்ந்து, இப்போது வெள்ளவத்தையில் இருக்கிற எனக்கு அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

மாவட்டக் கணக்கைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 80,830 வாக்குகள் எடுத்து ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது, தந்தை செல்வா ஆரம்பித்த தமிழரசுக் கட்சி ஒன்றோடு நின்றது, அப்படி ஒரு தென்னிலங்கைக் கட்சி முழு மாவட்டத்திலும் முதலிடத்துக்கு வந்தது உண்மையிலேயே புதிது. ஆனால் காங்கேசன்துறையை உதாரணம் காட்டியதுதான் பிழை. தந்தை செல்வாவே நேரில் நின்றபோது அவரைத் தோற்கடித்து ஐக்கிய தேசியக் கட்சிக்காரரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. அது நடந்தது 1952 இல். இதை எழுதாமல் அந்தத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம், அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தரவேண்டும்.

சுதந்திரத்தை ஒட்டி வந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் முதல் பொதுத் தேர்தல் 1947 இல் நடந்தது. வட மாகாணத்துக்கு அப்போது ஒன்பது தொகுதிகள், காங்கேசன்துறை அதில் ஒன்று. தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக எஸ். ஜே. வி. செல்வநாயகம் நின்று வென்றார். அவர் மலாயாவில் ஈப்போவில் பிறந்தவர், தெல்லிப்பழையில் வளர்ந்து யூனியன் கல்லூரியில் படித்தவர், ஆனால் தொழில் எல்லாம் கொழும்பில். சிவில் வழக்குகளில் பெயர் பெற்ற சட்டத்தரணி. யாழ்ப்பாணத்துத் தொகுதிகளுக்குக் கொழும்பில் தொழில் செய்கிறவர்கள் வந்து நிற்பது அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்தது, ஊர்ச் சனங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜீ. ஜீ. பொன்னம்பலம் தலைவர், செல்வநாயகம் அவருக்கு அடுத்த ஆள், இரண்டு பேரும் ஒரே கட்சி, அவ்வளவுதான்.

அடுத்த வருடமே அது உடைந்தது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, அதே வருடம் செப்டெம்பரில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம், கோப்பாய் கு. வன்னியசிங்கம் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. இன்றைக்கு அவர்களின் உரிமையைப் பறித்தவர்கள் நாளைக்கு நம்முடைய மொழியிலும் கைவைப்பார்கள் என்பதுதான் செல்வநாயகம் அப்போது சொன்னதன் சாரம். 1949 டிசம்பர் 18 ஆம் திகதி மருதானையில் தமிழரசுக் கட்சி ஆரம்பிக்கப்பட்டது. இந்தக் கடிதத்தைக் கொழும்பிலிருந்து படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், சமஷ்டி, அதாவது கூட்டாட்சி கேட்ட கட்சி பிறந்தது இந்த நகரத்தில்தான், யாழ்ப்பாணத்தில் இல்லை.

இனி 1952 க்கு வருகிறேன்.

அந்தத் தேர்தலில் காங்கேசன்துறையில் செல்வநாயகத்துக்கு எதிராக நின்றவர் சு. நடேசன். இந்தப் பெயர் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர், சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபையிலும் உறுப்பினராக இருந்தவர். அந்தப் பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் வந்தது. சும்மா ஒரு கட்சி அடையாள அட்டையோடு வந்த ஆள் என்று யாரும் அவரைத் தள்ளிவிட முடியாது, கல்விமான், சைவ உலகில் மதிப்புள்ளவர். எதிர்ப்பக்கத்தில் செல்வநாயகம் கிறிஸ்தவர். அந்தத் தேர்தலில் மதம் பிரசாரத்துக்கு இழுக்கப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதை மறைப்பதால் எவருக்கும் நன்மை இல்லை. ஆனால் மதத்தால் மட்டும்தான் செல்வநாயகம் தோற்றார் என்று முடித்துவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன், அது அந்த வாக்காளர்களைச் சிறுமைப்படுத்துகிற பேச்சு.

வேறு காரணங்களும் இருந்தன. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில்தான், 1950 இல், காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. தோட்டமும் கடலும் அரசாங்க உத்தியோகமும்தான் பிழைப்பு என்றிருந்த எங்கள் பகுதியான வலிகாமம் வடக்கில், மாதச் சம்பளத்தோடு ஊருக்குள்ளேயே வேலை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில் வளர்ந்த வீட்டுப் பிள்ளையாகச் சொல்கிறேன். என் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். அரசாங்கத்தோடு சேர்ந்து நின்றால் ஊருக்கு ஏதாவது வரும் என்ற வாதத்துக்கு அந்தப் புகைபோக்கியே கண்முன்னால் நின்ற சாட்சி. மறுபக்கம் சமஷ்டி என்பது அப்போது புதிய சொல், பலருக்கு அது என்ன என்றே விளங்கவில்லை, தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமைக்காக யாழ்ப்பாணத்தில் வாக்குக் கேட்பதும் பலருக்குத் தூரத்து விவகாரமாகவே பட்டிருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த மக்கள் முடிவெடுத்தார்கள். அந்த முடிவு சரியா பிழையா என்பது வேறு கதை. நானாக இருந்தால் செல்வநாயகத்துக்குத்தான் போட்டிருப்பேன். ஆனால் முடிவெடுத்தது அவர்கள், யோசித்துத்தான் எடுத்தார்கள்.

தமிழரசுக் கட்சிக்கு அந்த வருடம் கிடைத்தவை இரண்டே இரண்டு ஆசனங்கள், கோப்பாயில் வன்னியசிங்கமும் திருகோணமலையில் இராஜவரோதயமும். வட்டுக்கோட்டையில் நின்ற அமிர்தலிங்கமும் தோற்றார். அதாவது பிற்காலத்தில் தமிழ் மக்களின் தலைவர்கள் என்று நாங்கள் கொண்டாடிய இரண்டு பேரையும் 1952 இல் யாழ்ப்பாண வாக்காளர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் சொந்தத்துக்குள்ளேயே பெரியப்பா நடேசனுக்கும் அப்பா செல்வாவுக்கும் போட்டதாகச் சொல்வார்கள், அதற்காக இரண்டு பேரும் ஒருவரையொருவர் துரோகி என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். நடேசன் பிரதமர் கொத்தலாவலை காலத்தில் அமைச்சராகவும் இருந்தார். ஆனால் 1956 இன் தொடக்கத்தில் களனி மாநாட்டில் ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. அரசாங்கத்தோடு நின்றால் மொழிக்குப் பாதுகாப்பு என்று சொல்லி வாக்குக் கேட்ட ஆட்களின் காலடி நிலம் அன்றோடு போனது. அதே வருடம் ஏப்ரல் தேர்தலில் காங்கேசன்துறை மக்கள் செல்வநாயகத்தைத் திரும்பவும் தெரிவு செய்தார்கள், கட்சிக்கு மொத்தம் பத்து ஆசனங்கள். ஜூன் 5 ஆம் திகதி சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தபோது அடிவாங்கியவர்களின் தலைவர், நான்கு வருடத்துக்கு முன் தன் சொந்தத் தொகுதியாலேயே வேண்டாம் என்று சொல்லப்பட்டு, பிறகு அதே தொகுதியால் மீண்டும் அனுப்பப்பட்டவர். அந்த இரண்டாவது தெரிவுக்கு இருக்கிற கனம் முதலாவது மறுப்பினால் வந்தது. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவோடு ஒப்பந்தம் செய்யப் போனபோது அவர் பின்னால் இருந்தது பழக்கதோஷத்தில் விழுந்த வாக்கு இல்லை, ஒரு முறை இல்லை என்று சொல்லிப் பார்த்து, நடப்பதைக் கவனித்து, மனம் மாறிய மக்களின் வாக்கு. உங்கள் கட்டுரையாளர் கோட்டை என்று ஒரு சொல்லில் இதை முடித்துவிட்டார்.

அறுபதுகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1960 இல் இரண்டு தேர்தல்கள், 1965, 1970 என்று தொடர்ந்து செல்வநாயகமே வென்றார். நடுவில் 1961 சத்தியாக்கிரகம், 1965 மார்ச்சில் டட்லி சேனாநாயக்கவோடு ஒப்பந்தம், அதுவும் நிறைவேறாமல் போனது. ஆனால் ஒன்றை மட்டும் தாண்டிப் போக மனம் வரவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போகவேண்டும் என்று போராடினார்கள், முன்னாள் அமைச்சர் பேராசிரியர் சுந்தரலிங்கம் வாசலில் நின்று தடுத்தார். அந்தக் கோயில் இருப்பது காங்கேசன்துறைத் தொகுதிக்குள். தமிழரசுக் கட்சி தீண்டாமையை எதிர்க்கிற கட்சி என்றாலும், தன் தலைவரின் தொகுதியிலேயே நடந்த அந்தப் போராட்டத்தில் இறங்கி நிற்கவில்லை, முன்னுக்கு நின்றவர்கள் இடதுசாரிகள். 1970 தேர்தலில் அதே சுந்தரலிங்கம் காங்கேசன்துறையில் செல்வநாயகத்துக்கு எதிராகப் போட்டியிட்டார், கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலமும் போட்டியிட்டார். ஒரே வாக்குச் சீட்டில் இந்த மூன்று பெயர்களும் இருந்தன என்பதே அந்தத் தொகுதிக்குள் எத்தனை விதமான அபிப்பிராயங்கள் இருந்தன என்பதைக் காட்டப் போதும். வெற்றி பெற்றவரின் பெயரை மட்டும் எழுதினால் இது தெரியாமலே போய்விடும். கோயில் வாசலில் நின்ற அந்தச் சனங்களும் அந்தத் தொகுதியின் வாக்காளர்கள்தான்.

காங்கேசன்துறையின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது 1972 க்குப் பிறகு. அந்த வருடம் மே 22 ஆம் திகதி குடியரசு அரசியலமைப்பு வந்தது, தமிழ் மக்களின் பிரதிநிதிகள் வைத்த திருத்தங்கள் எதுவும் ஏற்கப்படவில்லை. ஒக்டோபரில் செல்வநாயகம் தன் பதவியை இராஜினாமா செய்தார். இந்த அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா இல்லையா என்பதைக் காங்கேசன்துறையில் தேர்தல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். ஒரு தனித் தொகுதி இருந்ததால்தான் அவரால் அப்படிச் செய்ய முடிந்தது என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு ஒரு எம்பி இராஜினாமா செய்தால் என்ன நடக்கும்? அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்ததாக இருப்பவர் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடுவார், மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தேவையில்லை.

சரி, இடைத்தேர்தல் வைத்தார்களா? இழுத்தடித்தார்கள். அவசரகால நிலை நடைமுறையில் இருந்த காலம், காரணம் சொல்வதற்கா பஞ்சம். 1972 ஒக்டோபரில் காலியான ஆசனத்துக்கு 1975 பெப்ரவரி 6 ஆம் திகதிதான் வாக்கெடுப்பு நடந்தது. இருபத்தெட்டு மாதம். அந்த இருபத்தெட்டு மாதமும் காங்கேசன்துறைக்குப் பாராளுமன்றத்தில் ஆள் இல்லை. இதற்கிடையில் 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் உயிர்கள் பலியாகின, பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டும் என்றாக்கிய தரப்படுத்தலால் இளைஞர்கள் கொதித்துப்போய் இருந்தார்கள். வாக்குச் சீட்டில் பதில் சொல்வதற்கு ஒரு சமூகம் தயாராக நின்ற நேரத்தில், அந்தச் சீட்டைக் கையில் கொடுக்காமல் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வைத்தது எவ்வளவு பெரிய குற்றம் என்று நான் இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன். நேரத்துக்கு அந்தத் தேர்தலை வைத்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை, அது யாருக்கும் தெரியாது. ஆனால் தேர்தலால் எதுவும் ஆகாது என்று இளைஞர்கள் பேசத் தொடங்கியதில் அந்த இழுத்தடிப்புக்கும் பங்கு உண்டு.

அந்த இடைத்தேர்தலில் அரசாங்கத்தின் பக்கத்தில் நின்றவர் மறுபடியும் வி. பொன்னம்பலம். செல்வநாயகம் பார்க்கின்சன் நோயினால் மிகவும் தளர்ந்திருந்தார், மேடையில் அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே விளங்காது, அவர் சொல்வதை வேறொருவர் கூட்டத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. முடிவு வந்தபோது செல்வநாயகத்துக்கு 25,927, பொன்னம்பலத்துக்கு 9,457. பெரும்பான்மை 16,470. அவர் எடுத்த வாக்கு 1970 இல் கிடைத்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. தமிழ் ஈழத்துக்கு மக்கள் தந்த ஆணையாக இதை எடுத்துக்கொள்வதாக அவர் அறிவித்தார், அடுத்த வருடம் மே 14 ஆம் திகதி பண்ணாகத்தில், தனித் தமிழ் ஈழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது.

இந்த இடத்தில் பொன்னம்பலத்துக்குக் கிடைத்த அந்த 9,457 வாக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவ்வளவு உணர்ச்சி கொந்தளித்த நேரத்தில், நோயோடு ஒரு மூத்த தலைவர் வந்து நிற்கும்போது, நான்கில் ஒரு பங்குக்கும் கூடுதலானவர்கள் மற்றப் பக்கம் போட்டிருக்கிறார்கள். அதில் தொழிற்சங்கக்காரர் இருந்திருப்பார்கள், மாவிட்டபுரத்தை மறக்காதவர்கள் இருந்திருப்பார்கள். பொன்னம்பலமும் எங்கள் மண்ணின் மனிதர்தான், பின்னாளில் தன் கட்சியை விட்டு விலகித் தமிழரின் சுயநிர்ணய உரிமைக்காகப் பேசியவர். இவர்களை எல்லாம் வரலாற்றிலிருந்து துடைத்துவிட்டு 'ஒட்டுமொத்தத் தமிழினமும்' என்று எழுதுகிற பழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

1977 ஏப்ரல் 26 ஆம் திகதி செல்வநாயகம் காலமானார். ஜூலைத் தேர்தலில் வட்டுக்கோட்டையை விட்டுக் காங்கேசன்துறைக்கு வந்து தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நின்ற அமிர்தலிங்கம் 31,155 வாக்குகளோடு வென்று, 18 ஆசனங்கள் எடுத்த கூட்டணியின் தலைவராக எதிர்க்கட்சித் தலைவரும் ஆனார். 1983 ஓகஸ்டில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம். பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யவேண்டும் என்றார்கள், கூட்டணியினர் செய்யவில்லை, சபைக்குப் போகாமல் இருந்து அந்த வருடம் ஒக்டோபரில் ஆசனங்களை இழந்தார்கள். காங்கேசன்துறையின் ஆசனம் மறுபடியும் காலியானது, இம்முறை இடைத்தேர்தலும் இல்லை. ஆக 1947 இலிருந்து 1983 வரை முப்பத்தாறு வருடத்தில் காங்கேசன்துறைக்கு எம்பியாக இருந்தவர்கள் மூன்றே பேர், செல்வநாயகம், நடேசன், அமிர்தலிங்கம். அமிர்தலிங்கம் 1989 இல் தேசியப் பட்டியல் மூலம் திரும்ப வந்து, அந்த ஜூலையிலேயே கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். காங்கேசன்துறை என்ற தொகுதிக்கென்று தெரிவான கடைசி மனிதர் அவர்.

ஏனென்றால் 1978 அரசியலமைப்பின்படி 1989 இலிருந்து விகிதாசாரப் பிரதிநிதித்துவம். தேர்தல் இரவில் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ 'யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டம், காங்கேசன்துறை தேர்தல் தொகுதி' என்று இன்றைக்கும் முடிவு வாசிக்கிறார்கள், ஆனால் அந்தத் தொகுதிக்கு என்று ஒருவரும் தெரிவாவதில்லை, அது வாக்கு எண்ணுவதற்கான ஒரு பிரிவு மட்டுமே. மாவட்டத்துக்கு 1989 இல் பதினொரு ஆசனங்கள் இருந்தன, பிறகு பத்து, ஒன்பது, ஏழு, இப்போது ஆறு. சனம் போன கணக்கு அந்த எண்களிலேயே இருக்கிறது.

1990 ஜூனில் யுத்தம் மூண்டு வலிகாமம் வடக்கு முழுவதும் எழும்பி ஓடியது. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலை, மாவிட்டபுரம் எல்லாம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. சீமெந்துத் தொழிற்சாலையும் அதோடு நின்றது, ரயிலும் நின்றது. வாக்காளர் இடாப்பில் பெயர் ஊரில், ஆள் முகாமில், அல்லது கொழும்பில், அல்லது கனடாவில். 1994 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்கு நூற்றுக்கு மூன்றைக்கூடத் தொடவில்லை, ஆனால் பத்து எம்பிமார் தெரிவானார்கள். செல்வாவுக்கே இல்லை என்று சொன்ன வாக்காளர், அந்த வருடம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

யுத்தம் முடிந்த பிறகு காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டன, 2015 ஜனவரியில் ரயில் காங்கேசன்துறை வரை திரும்ப ஓடியது, 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடப்பட்டது, 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பலும் விட்டார்கள். இன்னும் விடாத காணிகளும் இருக்கின்றன. இந்த விஷயத்துக்குப் பொறுப்பாக ஒரு எம்பியின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். 2010 இலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தெரிவானவர்களில் காணிப் பிரச்சினையைப் பேசாதவர் குறைவு, நன்றாகப் பேசியவர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் வலிகாமம் வடக்கு மக்கள் மட்டும் கூடி, நீ எங்களுக்காக என்ன செய்தாய் என்று கேட்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்பவோ திரும்ப அழைக்கவோ இன்றைய முறையில் வழி கிடையாது. பட்டியலில் ஒன்பது பேர், மூன்று விருப்பு வாக்கு, மாவட்டம் முழுக்கச் சுவரொட்டி.

2024 முடிவைப் பற்றி இங்கே வெள்ளவத்தையில் இரண்டு விதமான பேச்சுகள் கேட்கின்றன. ஒரு பக்கம் துரோகம் என்கிறார்கள், மறுபக்கம் தமிழ்த் தேசியம் முடிந்துவிட்டது என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு பேரும் 1952 ஐயும் 1956 ஐயும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அன்றைக்கு நடேசனுக்குப் போட்டவர்கள் தமிழை விற்றவர்கள் இல்லை, நான்கு வருடத்தில் அதே மக்கள்தான் செல்வநாயகத்தைத் தூக்கி அனுப்பினார்கள். அதேபோல் அரசாங்கத்தோடு சேர்ந்து நின்றவர்களுக்குக் கிடைத்த வாக்கும் நிரந்தரமாக இருக்கவில்லை, மொழியில் கைவைத்த அன்றே அது போய்விட்டது. இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், மாகாண சபைத் தேர்தல் இந்த மூன்றிலும் என்ன செய்கிறார்கள் என்பதை அந்தச் சனம் கவனித்துக்கொண்டுதான் இருக்கும். தமிழ்க் கட்சிகளும் அதே கண்ணால் பார்க்கப்படுகின்றன, அவர்கள் தங்களுக்குள் அடிபட்டதையும் சனம் பார்த்தது.

மாகாண சபைத் தேர்தல் என்றதும் மறுபடியும் அந்த இருபத்தெட்டு மாதம்தான் ஞாபகம் வருகிறது. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறைக்காக 2017 இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை, சமர்ப்பித்த அமைச்சரும் உட்பட. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, நடுவில் தேர்தல் தொங்குகிறது. பாராளுமன்றத்துக்கும் கலப்பு முறை கொண்டுவரப்போவதாக அடிக்கடி பேச்சு அடிபடுகிறது. அப்படி வந்தால் காங்கேசன்துறை திரும்பவும் ஓர் உறுப்பினர் தொகுதியாக வருமா? இடம்பெயர்ந்து இன்னும் திரும்ப முடியாமல் இருப்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? அரசாங்கம் காணியை விடாததால் சனத்தொகை குறைந்த இடத்துக்கு, சனம் குறைவு என்று சொல்லியே தொகுதியையும் இல்லாமல் செய்வார்களா? இந்தக் கேள்விகளை யாழ்ப்பாணத்து எம்பிமார் ஆறு பேரிடமும் உங்கள் பத்திரிகை பெயர் சொல்லிக் கேட்கவேண்டும், அவர்கள் சொல்வதை அப்படியே அச்சிடவும் வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. பழைய தொகுதிகளின் வரலாற்றை நீங்கள் தொடராக வெளியிடப்போவதாகக் கட்டுரையின் கீழே போட்டிருந்தீர்கள். மிக நல்ல காரியம். தயவுசெய்து ஒவ்வொரு தொகுதிக்கும் வென்றவர், தோற்றவர் எல்லாருடைய பெயரையும் வாக்குகளையும் சேர்த்துப் போடுங்கள், ஆசனம் காலியாகக் கிடந்த காலங்களையும் எழுதுங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது பழைய தமிழ்ப் பத்திரிகைகள் எவ்வளவோ சாம்பலாகிவிட்டன, ஆனால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன, இராஜகிரியவில் தேர்தல்கள் ஆணைக்குழுவில் முடிவுகள் இருக்கின்றன, உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டுக்கும் பஸ்ஸில் போகலாம். காங்கேசன்துறைக்காரர், கோப்பாய்க்காரர், ஊர்காவற்றுறைக்காரர் என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1956 இல் சிறுபிள்ளைகளாக ஊர்வலம் பார்த்தவர்கள், 1975 இல் தாங்களே வாக்களித்தவர்கள். அந்தக் காலத்துத் துண்டுப்பிரசுரம் ஒன்றிரண்டு அவர்களுடைய பெட்டிகளுக்குள் இருக்கக்கூடும். ஒரு நிருபரை அனுப்பினால் அவர்களிடம் அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைக்க நான் தயாராக இருக்கிறேன்.

அடுத்த வாரத் தொடர் ஊர்காவற்றுறையைப் பற்றியது என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் கடந்த வாரக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, 1952 இல் வென்றவர் சு. நடேசன் என்பதை அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தெல்லிப்பழை வாசகன்,
வெள்ளவத்தை,
கொழும்பு 06.